புதிதாக வலைப்பூ தொடங்குகிறீர்களா? தவறும் இடங்களைக் காட்டும் முழுமையான வழிகாட்டி

கூகுள் கணக்கு இருந்தால் போதும், பிளாக்கரில் பத்தே நிமிடத்தில் ஒரு வலைப்பூவைத் திறந்துவிடலாம். காசும் கிடையாது. ஆனால் அந்தப் பத்து நிமிட அவசரத்தில் செய்யும் பிழைகளைப் பல வருடம் சுமக்க வேண்டிவரும்.

படி 1: முதலில் தாளும் பேனாவும்

கவிதை, சமையல், சினிமா, அரசியல் என்று கதம்பமாக எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து, கணக்குத் தொடங்கும் முன் அதில் எழுதக்கூடிய இருபது தலைப்புகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏழாவதிலேயே பேனா நின்றுவிட்டால் அது உங்களுக்கான துறை இல்லை.

படி 2: பெயர்

'மழைத்துளி' அழகான பெயர்தான். ஆனால் முகவரியை ஆங்கில எழுத்தில் அல்லவா தட்ட வேண்டும்? 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல். 'து'வில் எச் உண்டா இல்லையா என்பது அடுத்த குழப்பம். போனில் ஒருமுறை சொன்னால் நண்பர் பிழையில்லாமல் தட்ட வேண்டும். அப்படி ஒரு பெயரைத் தேடுங்கள்.

படி 3: இடுகையின் இணைப்பு

தமிழில் எழுதுபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு வைத்து அப்படியே வெளியிட்டால், இணைப்பில் தலைப்பு வராது. 'பிளாக்-போஸ்ட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் நிற்கும். என் முதல் ஐம்பது இடுகைகள் இன்றும் இப்படித்தான், கைதி எண் மாதிரி கிடக்கின்றன.

இன்னொரு வலைப்பூத் தளமான வேர்ட்பிரஸ், இணைப்பில் தமிழை ஏற்கும். ஆனால் அந்த இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பெரும்பாலும் சதவீதக் குறிகளாக நீளும். யுனிகோடில் 'அம்மா' என்பது ஐந்து குறிகள் (புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து). ஒவ்வொன்றும் 9 எழுத்தாக விரியும். ஆக, அம்மாவுக்கு மட்டும் 45 எழுத்து!

எனவே வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் பகுதிக்குப் போய், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுத்துவிடுங்கள். பிளாக்கரில் பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் வேலை செய்யாது.

படி 4: படங்கள்

கூகுள் தேடலில் வரும் படமெல்லாம் இலவசம் இல்லை. உங்கள் போனில் எடுத்த சுமாரான படமே மேல். இல்லையென்றால் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் கீழே போடுங்கள்.

படி 5: விளம்பர வருமானம்

கூகுள் ஆட்சென்ஸ் 2018-இல் தமிழுக்கும் வந்தது. அதற்காக நாலு இடுகை போட்ட கையோடு விண்ணப்பிக்க வேண்டாம். பக்கத்தில் படிக்க ஏதாவது இருக்கட்டும்.

படி 6: நகல்

ஒருகாலத்தில் எல்லோரும் பக்கம் வைத்திருந்த யாஹூவின் ஜியோசிட்டீஸ், 2009-இல் மூடப்பட்டது. இலவச இடம் என்றைக்கும் வாடகை வீடுதான். மாதம் ஒருமுறை பேக்கப் எடுங்கள். பிளாக்கர் தரும் பேக்கப் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும்; படங்களைத் தனியாகத்தான் சேமிக்க வேண்டும்.