ரிச்சி தெருவில் வாங்கிய எஸ்எஸ்டி: வழக்குப் போடச் சென்னைக்குப் போக வேண்டுமா?

கேள்வி: மெதுவாக ஓடிய வீட்டுக் கம்ப்யூட்டருக்காக, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 2 டிபி எஸ்எஸ்டி 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய போட்டோக்களை எல்லாம் அதில் ஏற்றினேன். மூன்றே மாதத்தில், மாடியில் நின்று அப்பா மகாதீபம் பார்த்த படங்கள் உட்படப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அப்பா இப்போது இல்லை. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருப்பதாகக் கடைக்காரர் கைவிரிக்கிறார். என்ன செய்வது?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: முதலில், அந்த டிரைவைக் கழற்றி ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். குறைபாட்டை நிரூபிக்க அதை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போலி டிரைவாகத் தோன்றுகிறது. உள்ளே 64 ஜிபி போன்ற சிறிய மெமரி மட்டும் இருக்கலாம். கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். அந்த அளவைத் தாண்டியதும் புதுப் படம் பழைய படத்தின் மேல் எழுதப்படும். பெயர் தெரியும், படம் இருக்காது. (1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் அது மோசடி அல்ல, வெறும் கணக்கு வேறுபாடு.)

விலை மலிவு என்பதால் உங்கள் உரிமை குறையாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லின் அடியில் இருக்கும் ஒரு வரி சட்டத்தை மாற்றிவிடாது. பில்லே தராமல் இருப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

சென்னைக்கு நீங்கள் அலைய வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் கடை இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது 34-ஆவது பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு தரலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அதற்கு முன், 15 நாள் அவகாசம் கொடுத்துக் கடைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பில், ஜிபே ரசீது, டிரைவின் பெட்டி மூன்றையும் படமெடுத்து இணையுங்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் நோட்டீஸில் எழுதுங்கள். சட்டமுறை எடையளவு விதிப்படி அவை இருந்தாக வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிடும்.

பணம் வரும். மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேளுங்கள், ஆனால் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். படங்களை எந்த ஆணையமும் மீட்டுத் தராது. நல்ல கம்பெனி டிரைவின் வாரண்டிகூடப் பொதுவாகப் பொருளுக்கு மட்டும்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை.

அடுத்த முறை 2 டிபி ஆசை வேண்டாம். வீட்டுக்கு 500 ஜிபி சாட்டா டிரைவே தாராளம். பில்லில் பிராண்டு, கொள்ளளவு, சீரியல் நம்பர் மூன்றையும் எழுதி வாங்கி, அந்த நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் சரிபாருங்கள். முதல் வாரத்திலேயே டிரைவை முழுக்க நிரப்பி, எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அதுவரை அழிக்காதீர்கள்.

அப்பாவின் படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று யோசித்து, இன்றைக்கே அவர்களுக்குப் போன் செய்யுங்கள்.