பேங்க்கில் கிடப்பதெல்லாம் நகராட்சிப் பணமா?

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து குப்பை அள்ளும் வாரத்தில் சங்கரன்கோவிலில் தவறாமல் காதில் விழும் பேச்சு: "உண்டியல்ல இவ்வளவு விழுதே, அதுல ரோடு போட்டா என்ன?" போட முடியாது. சங்கரநாராயணர் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது; அதன் வருமானம் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயில் கணக்கில் சேரும். கூட்டத்துக்குத் தண்ணீர் தருவதும் தெருவைப் பெருக்குவதும்தான் நகராட்சியின் பங்கு.

கொஞ்சம் விவரமானவர்கள் வேறொன்றை நம்புகிறார்கள்: "பேங்க்ல கோடிக்கணக்குல கிடக்கு, செலவழிக்கத்தான் மனசில்லை." பணம் கிடப்பது உண்மையாகவே இருக்கலாம். யாருடைய பணம் என்று கேட்க வேண்டும். அதில் ஒப்பந்ததாரர் கட்டிய டெபாசிட் இருக்கும், குழாய் இணைப்புக்கு நீங்கள் கட்டிய டெபாசிட்டும் இருக்கும். இரண்டும் என்றைக்காவது திருப்பித் தரவேண்டிய கடன். சொத்து வரியோடு நூலக வரி என்று ரூபாய்க்கு 10 காசு வாங்குகிறார்களே, அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேரவேண்டியது. குடிநீர் வடிகாலுக்கும் ஆரம்பக் கல்விக்கும் தனித்தனி நிதிக் கணக்கு உண்டு. ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மானியமும் அப்படித்தான். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு இதுபோன்ற நகரங்களுக்குக் கொடுத்ததில் 60 சதவீதம், குடிநீருக்குப் பாதி, துப்புரவு-குப்பை மேலாண்மைக்குப் பாதி என்று பெயர் எழுதியே வந்தது. அந்தப் பணத்தைத் தெருவுக்குத் தார் போட எடுத்தால் தணிக்கையில் மாட்டுவார்கள்.

கடைக்காரர்கள் கட்டும் ஜிஎஸ்டி நகராட்சிக்குப் போகிறது என்பதும் தவறு. அது மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. மாநிலத்தின் நிகர சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதிக்குழுப் பங்காக எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரிந்து வருகிறது. உங்கள் பஜாரில் வியாபாரம் கூடியதற்காக உங்கள் ஊருக்குக் கூடிவிடாது. தொழில் வரி மட்டும் நேராக நகராட்சிக்கு. அதற்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது.

"பட்ஜெட்ல உபரின்னு போட்டிருக்கானே?" பட்ஜெட் என்பது வரும் ஆண்டுக்கான எதிர்பார்ப்பு. நடந்தது என்ன என்பது ஆண்டுக் கணக்கில்தான் தெரியும். அதையும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். தமிழக நகராட்சிகள் 2000-களின் தொடக்கத்திலேயே இரட்டைப் பதிவு முறைக்கு மாறிவிட்டன. அதன்படி சொத்து வரிக்குக் கேட்பு (கட்டவேண்டிய தொகை) எழுந்ததும் அது வருமானமாகப் பதிவாகிவிடும், நீங்கள் கட்டினாலும் கட்டாவிட்டாலும். எனவே ஏட்டில் உபரி இருக்க, கையில் சம்பளத்துக்கே இழுபறியாக இருக்கலாம். உபரியா பற்றாக்குறையா என்று சண்டை போடுகிறவர்களைவிட, 'கேட்பு, வசூல், நிலுவை' பட்டியலைக் கேட்கிறவரைத்தான் நான் மதிப்பேன். எந்த வார்டில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் வந்துவிடும்.

தணிக்கைத் தடை என்றால் திருட்டு என்பதும் அவசர முடிவு. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, ரசீது இணைக்கவில்லை, இருப்புப் பதிவேட்டில் ஏற்றவில்லை என்பதற்கும் தடை எழுதும். நிஜமான இழப்புக்கும் எழுதும். பத்திப் பத்தியாகப் படித்தால்தான் எது எதுவென்று பிரியும்.

இதெல்லாம் ரகசியக் காகிதம் என்பது கடைசி நம்பிக்கை. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கையான கணக்கையும் இணையத்தில் போட்டால்தான் மானியம் என்று அதே 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. மத்திய அரசின் சிட்டிஃபைனான்ஸ் தளத்தில் நகராட்சிகள் ஏற்றுவது இந்தக் கணக்குகளைத்தான். அங்கே கிடைக்காத வார்டுவாரி நிலுவைப் பட்டியலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம்.