மனச்சாட்சி உறுத்தும்போது



நல்ல சுபாவம் ஒரே நாளில் வந்துவிடாது. சர்வேசுரனுடைய சித்தத்துக்கு நம் சொந்த மனதைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கையளிப்பதால்தான் அது விளைகிறது. இதற்குத் தூரத்துத் திருஷ்டாந்தம் வேண்டாம். நமது கோயமுத்தூர் மேற்றிராசனத்திலேயே ஒன்றுண்டு.

பிரான்சு தேசத்தில் 1813-ல் பிறந்த மரியோன் பிரெசில்லாக் ஆண்டவர், 1846 அக்டோபர் 4-ந் தேதி கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். சுதேச குருக்கள் பெருக வேண்டுமென்பது அவருடைய தீராத ஆசை. ஆனால், சாதி ஆசாரங்களில் எவற்றைத் திருச்சபைக்குள் அனுமதிக்கலாம் என்ற தர்க்கத்தில் அவர் மனச்சாட்சி அமைதி பெறவில்லை. சமாதானமாய்ப் பதவியில் இருந்திருக்கலாம். அவரோ தம் சந்தேகத்தை உரோமைக்கு அறிவித்து, 1855-ல் பதவி விலகினார். மறு வருஷம் லியோன் நகரில் ஆப்பிரிக்க வேதபோதக சபையை ஸ்தாபித்தார். 1859 மே மாதம் ஃப்ரீடவுனில் இறங்கியவர், ஜூன் 25-ல் மஞ்சட் காய்ச்சலால் மரித்தார். உலகம் இதைத் தோல்வி என்னும். 2020-ல் பாப்பானவர் அவருடைய புண்ணியங்கள் வீரத்துவமுள்ளவை என்று அங்கீகரித்தார்.

பதவி துறப்பது எல்லாருக்கும் உரியதல்ல. உறுத்துகிற மனச்சாட்சியை அடக்கிவிடாமல் ஜெபத்தோடு விசாரிப்பது எல்லாருக்கும் உரியது. வரன் பார்க்கையில் ஞானஸ்நானத்துக்கு முன்பாகச் சாதியைக் கேட்கிறோமே, அப்போது உறுத்துகிறதா? மண்டியில் எடை குறைகையில்? இன்றிரவு ஆத்தும சோதனையில், நம்மோடு திவ்விய நற்கருணை வாங்கியவரை நம் வீட்டுப் பந்தியில் உட்கார வைத்தோமா என்று கேட்டுப் பார்ப்போமாக.