ஆக்சிஜனேற்றத்தில் புரதங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கந்தக அணு ஒன்றின் இருபுறமும் வெவ்வேறு கரிமத் தொகுதிகள் இணைந்துள்ள சல்ஃபைடு மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்தால் சல்ஃபாக்சைடு கிடைக்கிறது. அந்த ஆக்சிஜன் எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து, இடக்கையும் வலக்கையும் போல ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு ஆடிபிம்ப வடிவங்கள் உருவாகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடை மட்டும் பயன்படுத்தினால் இரண்டும் சரிபாதியாகவே கிடைக்கும். ஒன்றை மட்டும் மிகுதியாகப் பெறுவதே சமச்சீரற்ற ஆக்சிஜனேற்றம். அதில் புரதங்களின் பங்கு குறித்துப் படித்தவர்களிடையேயும் சில தவறான எண்ணங்கள் நிலவுகின்றன.

நம்பிக்கை: நொதியாகப் பிறந்த புரதமே இவ்வேலைக்கு உதவும்.

உண்மை: மாட்டின் குருதியிலிருந்து பெறப்படும் ஆல்புமின் எந்த ஆக்சிஜனேற்ற வினைக்கும் உரிய நொதியன்று, கொழுப்பு அமிலங்களைச் சுமந்து செல்வது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. ஆயினும் 1970களின் இறுதியில் ஜப்பானிய வேதியியலாளர்கள் அதன் முன்னிலையில் அரோமேட்டிக் சல்ஃபைடுகளைப் பெர்அயோடேட்டால் ஆக்சிஜனேற்றியபோது, சிலவற்றில் ஒரு வடிவம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்கு மேலோங்கியது. இங்கே ஆக்சிஜனைத் தருவது பெர்அயோடேட். சல்ஃபைடைத் தன் குழிவில் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வது மட்டுமே புரதத்தின் வேலை. குழிவுக்கு வெளியே தங்கிவிடும் சல்ஃபைடு இரு வடிவங்களையும் சமமாகத் தந்து தூய்மையைக் கெடுக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஆக்சிஜனேற்றும் வலிமையும் பக்கம் தேரும் திறனும் ஒன்றல்ல; புரதத்திற்கு உரியது பெரும்பாலும் இரண்டாவதே. அதற்கும் முழுப் புரதம் கட்டாயமில்லை. 1980இல் ஸ்பெயினில் ஹூலியாவும் உடன் ஆய்வாளர்களும் அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தைக் கோத்த பாலிபெப்டைடைக் கொண்டு, கார ஹைட்ரஜன் பெராக்சைடின் உதவியால் சால்கோனை எப்பாக்சைடாக்கி, ஒரு வடிவத்தை மிக உயர்ந்த தூய்மையில் பெற்றனர்.

நம்பிக்கை: நொதி கிடைத்துவிட்டால் தேர்வுத்திறன் தானாக வந்துவிடும்.

உண்மை: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோல், ஒமெப்ரசோலின் ஒரு கை வடிவமாகிய சல்ஃபாக்சைடு. டைட்டேனியம், டார்ட்டரிக் அமில எஸ்டர் ஆகியவற்றின் கூட்டால் அதைத் தயாரிக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. அதற்கு மாற்றாக அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் சைக்ளோஹெக்சனோன் மோனோஆக்சிஜனேஸ் நொதி முயலப்பட்டது. அதன் இயல்பான வேலை வளையக் கீட்டோனில் ஆக்சிஜனைப் புகுத்தி லாக்டோனாக்குவது. பருமனான ஒமெப்ரசோல் சல்ஃபைடை இயற்கை நொதி ஏறக்குறைய தொடவே இல்லை. கோடெக்சிஸ் நிறுவன ஆய்வாளர்கள் அமினோ அமிலங்களைச் சுற்றுச் சுற்றாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த திரிபுகளைத் தெரிந்தெடுத்த பிறகே, 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தூய்மையுடன் வேண்டிய வடிவம் வந்தது. சல்ஃபாக்சைடோடு நிற்காமல் இரண்டாவது ஆக்சிஜனையும் ஏற்றிக்கொண்டால் சல்ஃபோன் விளைந்து கைத்தன்மையே அழிந்துவிடும். எனவே எங்கே நிறுத்துவது என்பதையும் நொதி கற்க வேண்டியிருந்தது. இத்தகைய திசைப்படுத்திய பரிணாம முறைக்காகவே பிரான்சிஸ் ஆர்னால்டு 2018ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்.

நம்பிக்கை: காற்றைக் கொண்டு நடக்கும் வினை செலவற்றது, மாசற்றது.

உண்மை: மேற்கண்ட மோனோஆக்சிஜனேஸ் காற்றின் ஆக்சிஜனில் ஓர் அணுவை மூலக்கூறில் ஏற்றி, மற்றொன்றை நீராக்குகிறது, இதற்கு எலக்ட்ரான் வழங்கும் என்.ஏ.டி.பி.எச் என்ற துணைப்பொருள் விலையுயர்ந்தது என்பதால், மலிவான ஐசோபுரொப்பனாலை அசிட்டோனாக்கும் இன்னொரு நொதியைக் கொண்டு அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் 25 டிகிரி செல்சியசில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவுக்கே ஆக்சிஜன் கரையும் என்பதால், பெரிய கலன்களில் நொதியின் வேகத்தைவிடக் காற்றைக் கலக்கும் வேகமே பலவேளை எல்லையாகிவிடுகிறது. பெராக்சைடைப் பயன்படுத்தும் ஹீம் நொதிகளுக்கு வேறு சிக்கல்: அளவு மிஞ்சினால் அதே பெராக்சைடு ஹீமையே சிதைக்கும் என்பதால், அதைச் சிறுகச் சிறுகவே சேர்க்க வேண்டும்.