சைக்கிள் சீட்டை எவ்வளவு இறுக்கலாம்?

மாணவர்களே! காவிரிப் படுகை சமவெளியாதலால் சைக்கிளுக்கு ஏற்ற ஊர். ஆற்றங்கரைச் சாலை வழியே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குச் செல்வோர் உங்களில் பலர் இருப்பீர்கள். புதுச் சைக்கிள் கைக்கு வந்தவுடன் செய்யும் முதல் வேலை, சீட்டை நம் உயரத்துக்கு ஏற்ப ஏற்றுவதோ இறக்குவதோதான். இச்சிறு வேலையில் திருப்புத்திறன், உராய்வு, பொருள்களின் வலிமை ஆகிய மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன. அவற்றை மறந்தால், ஓடும் சைக்கிளில் சீட் முறிந்து விழவும் நேரலாம்.

சீட்டைத் தாங்கும் குழாயைச் சைக்கிள் கடைக்காரர் ‘சீட் பில்லர்’ என்பார். பள்ளிச் சைக்கிள்களில் அது எஃகினால் ஆனது. விலை உயர்ந்த பந்தயச் சைக்கிள்களில் கார்பன் இழையால் ஆனது. எஃகின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 7.8, அலுமினியத்துக்கு 2.7; கார்பன் கூட்டுப்பொருளுக்கு 1.6 மட்டுமே. எடை குறைவதற்குக் காரணம் இதுவே.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

நம் ஊரில் மண்சுவர் வைப்பவர்கள் குழைத்த மண்ணில் வைக்கோலைக் கலந்து மிதிப்பதுண்டு. வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் அதைப் பிடித்து நிறுத்தும். கார்பன் பில்லரும் அத்தகையதே. தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகள் வைக்கோலின் வேலையைச் செய்கின்றன. எபாக்சி பிசின் மண்ணின் வேலையைச் செய்கிறது.

வைக்கோல் பிரியை இழுத்துப் பாருங்கள்; எளிதில் அறாது. அதையே குறுக்கே நசுக்கினால் நைந்துவிடும். கார்பன் இழையும் நீளவாக்கில் மிக வலியது. குறுக்கே நசுக்கினால் எளிதில் கெடும். எஃகு முறியுமுன் வளைந்து எச்சரிக்கும். கார்பன் பெரும்பாலும் எச்சரிக்காமல் முறிந்துவிடும்.

விரல் பலமே போதும்

பில்லரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பில் ‘5 நியூட்டன் மீட்டர்’ என்பது போன்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 10 செ.மீ. நீளமுள்ள சாவியின் முனையில் 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் இந்த அளவு வந்துவிடும். ஆனால் 5 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டில் அது உண்டாக்கும் இழுவிசை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5000 நியூட்டன்! 40 கிலோ நெல் சிப்பங்கள் பன்னிரண்டை அடுக்கியது போன்ற அழுத்தம் அது. திருகின் மரை சாய்தளமாக வேலை செய்வதால் விசை இவ்வாறு பெருகுகிறது. ஸ்பானரில் குழாயைச் செருகி நீளமாக்கி இறுக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கிரீஸ் போடலாமா?

எஃகு பில்லருக்குச் சிறிது கிரீஸ் தடவுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தாலும் அது துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது. கார்பன் பில்லருக்குச் சாதாரண கிரீஸ் கூடாது. கிரீஸ் உராய்வைக் குறைக்கும்; சீட் நழுவும்; நழுவுகிறதே என்று மேலும் இறுக்குவோம்; பில்லர் நசுங்கும். இதற்கென்று நுண்ணிய கடினத் துகள்கள் கலந்த பசை விற்கிறது. அது உராய்வைக் கூட்டுவதால் குறைந்த இறுக்கமே போதும்.

கார்பன் துருப்பிடிக்காது. எனினும் அது மின்கடத்தி. அலுமினியக் குழாயினுள் கார்பன் பில்லர் இருந்து, வியர்வையோ நாகைக் கடற்காற்றின் உப்போ அங்கே சேர்ந்தால், ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியமே. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை பில்லரை உருவி, துடைத்து, புதிதாகப் பசை தடவிப் பொருத்த வேண்டும்.

கோட்டைத் தாண்டாதீர்கள்

பில்லரில் ஓர் எல்லைக்கோடு உண்டு. அது எப்போதும் குழாய்க்குள் மறைந்தே இருக்க வேண்டும். ஏன்? பில்லர் 20 செ.மீ. வெளியே நிற்கிறது என்போம். சீட்டைப் பின்னோக்கி 200 நியூட்டன் விசை தள்ளினால் திருப்புத்திறன் 40 நியூட்டன் மீட்டர். உள்ளே 8 செ.மீ. இருந்தால் பில்லரின் உள்முனையில் ஏறத்தாழ 500 நியூட்டன் தாக்கும், 4 செ.மீ. மட்டும் இருந்தால் 1000 நியூட்டன். எஃகானாலும் கார்பனானாலும் கணக்கு ஒன்றே. கோடு தெரிந்தால்தான் உங்களுக்கு உயரம் சரிப்படும் என்றால், நீளமான பில்லரை வாங்குங்கள்.

செய்து பாருங்கள்

1. சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறையச் சரி.

2. கார்பன் பில்லராயின் அதை நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாகக் கேட்டால் உள்ளே இழையடுக்கு பிரிந்திருக்கக்கூடும். விரிசல் தெரிந்தால் ஒட்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.

3. சாவியின் நீளம் 25 செ.மீ. ஆனால் 5 நியூட்டன் மீட்டருக்கு எவ்வளவு விசை வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். நீண்ட ஸ்பானர் ஏன் ஆபத்தானது என்பது விளங்கும்.