களத்தில் இருந்தாலும் கோப்பு நகரணும்: மூன்று திறன்கள்

மேலூர் பக்கம் ஒருவர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என இணையவழியிலேயே போகிறது. அலுவலர் அலுவலகத்தில் இல்லை என்பதற்காக அது நிற்கக் கூடாது. அதற்கு மூன்று திறன்கள் வேண்டும்.

1. தெளிவாக எழுதுவது: "ஆவணம் சரியில்லை" என்று திருப்பினால் யாருக்கு என்ன புரியும்? "குடும்ப அட்டையில் முகவரி படிக்க முடியவில்லை, மீண்டும் ஸ்கேன் செய்து பதிவேற்றவும்" என்று எழுதுங்க. மையத்துக்கு இன்னொரு நடை என்றால், கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.

2. மின்கையொப்பத்தைக் காப்பது: "நான் வெளியே இருக்கேன், நீயே டோக்கனைப் போட்டு ஓகே பண்ணிடு" என்று உதவியாளரிடம் சொல்லாதீங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 42-இன்படி அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது கையொப்பதாரரின் கடமை. தவறான சான்று போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

3. நேரம் ஒதுக்குவது: களப்பணி நாளிலும் காலையும் மாலையும் அரை மணி நேரம் நிலுவைப் பட்டியலைப் பாருங்க. பழைய விண்ணப்பத்தை முதலில் எடுங்க.

பயிற்சி: கடைசியாகத் திருப்பிய 5 விண்ணப்பங்களில் நீங்கள் எழுதிய குறிப்பை வாசியுங்கள். உங்களுக்குப் போன் போடாமலே, அதை மட்டும் படித்து ஒருவர் சரிசெய்ய முடியுமா?