‘இயல்பான மழை’ என்பது யாது?

ஐப்பசி மழையை எதிர்நோக்கும் அங்கத்தினர் பலர், வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் ‘இயல்பு’ என்ற சொல்லைக் கண்டதும் கவலை தீர்ந்ததெனக் கருதிவிடுகின்றனர். அச்சொல்லைச் சற்று ஆராய்தல் நன்று. தமிழகம், கேரளம், கடலோர ஆந்திரம், இராயலசீமை, தென் உட்புறக் கருநாடகம் ஆகிய ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து எடுத்த சராசரி அது. அக்டோபர் முதல் டிசம்பர் முடியச் சுமார் 334 மி.மீ. அதில் 88 முதல் 112 சதவிகிதம் வரை பெய்தால் இயல்பு எனப்படும். நாகப்பட்டினக் கரையில் இதைப்போல் இருமடங்குக்கு மேல் பெய்வது வழக்கம். பவானிப் பள்ளத்தாக்கில் அவ்வளவு இராது. அன்றியும், மழை எந்நாளில் விழும் என்பதை அச்சராசரி கூறாது. ஒரே புயல் பாதியைக் கொட்டிச் சென்றாலும் கணக்கில் குறைவில்லை!

ஆதலின், கடலோரச் சம்பா விவசாயிகள் பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளலாகாது. 2020 முதல் கடன் பெற்றவர்க்கும் அது கட்டாயமன்று. கடனோடு பிடித்திருப்பார்கள் என்று இருந்துவிடாமல், சங்கத்தில் ரசீதைக் கேட்டுப் பெறுக. நெசவாளர்கள் வெயில் காணும் நாளிலேயே பாவுக்குக் கஞ்சியிட்டு உலர்த்திவிடுதல் வேண்டும். ஈரக்காற்றில் உலராத பாவு பூஞ்சணம் பிடிக்கும். குழித்தறியில் நீர் ஊறினால் தறி நின்றுபோகும். நூலையேனும் இப்போதே பரணில் ஏற்றி வைக்கவும்.